ஃபிடெலிட்டி

ஃபிடெலிட்டி: விசுவாசம், சொன்ன சொல் தவறாமை, மூலத்திலிருந்து பிறழாமை ஆகிய பொருள்களில் வழங்கும் ஆங்கிலச் சொல். நம்பகத்தைக் குறிக்கும் ஃபிடெஸ் என்ற லத்தீன் சொல் இதன் வேர். ரோமானியர் ஃபிடெஸைப் பெண் தெய்வமாகவே வணங்கினர். கேப்பிடோலின் குன்றில் அவளுக்குக் கோயில் இருந்தது.

அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து, இதற்கு முன்பே ஆங்கிலத்தில் குடியேறிய சொல் ஃபியல்ட்டி. இடைக்கால ஐரோப்பாவில் நிலம் பெற்றவன் தன் பிரபுவுக்குச் செய்துகொடுத்த சத்தியம் அது. ஹோமேஜ் என்ற சடங்கோடு இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. ஹோமேஜில் வாளைக் களைந்து, தலையைத் திறந்து, அமர்ந்திருக்கும் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்துத் தன்னை அவருடைய ஆள் என்று அறிவிக்க வேண்டும். ஃபியல்ட்டிக்கு மண்டியிட வேண்டியதில்லை. வேதநூலின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தால் போதும். பதினைந்தாம் நூற்றாண்டு நீதிபதி தாமஸ் லிட்டில்டன் இன்னொரு வேறுபாடும் காட்டுகிறார்: ஹோமேஜைப் பிரபு நேரில்தான் ஏற்க முடியும், ஃபியல்ட்டியை அவருடைய காரியஸ்தரே வாங்கிக்கொள்ளலாம்.

இச்சத்தியத்தின் உள்ளடக்கத்தைத் தெளிவாக வகுத்தவர் ஷார்த்ர் நகர ஆயர் ஃபுல்பெர்ட். அக்கிட்டேன் கோமகன் வில்லியமுக்கு 1020 அளவில் எழுதிய கடிதத்தில் ஆறு கடமைகளைச் சொல்கிறார்: பிரபுவின் உடலுக்கு ஊறு செய்யாமை, இரகசியங்களையும் கோட்டைகளையும் காட்டிக்கொடுக்காமை, நீதி அதிகாரத்தையும் மதிப்பையும் குலைக்காமை, உடைமையைச் சேதப்படுத்தாமை, எளிதானதைக் கடினமாக்காமை, இயல்வதை இயலாததாக்காமை. ஆறும் செய்யாமைகளே. அதை ஃபுல்பெர்ட்டும் உணர்ந்திருந்தார். தீமையை விலக்கினால் மட்டும் போதாது, ஆலோசனையும் உதவியும் தர வேண்டும் என்றார். பிரபுவும் தன் ஆளிடம் அவ்வாறே நடக்கக் கடமைப்பட்டவர் என்றும் சேர்த்தார். பின்னாளில் கிரேஷியனின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இக்கடிதம் இடம்பெற்றது.

இங்கிலாந்தில் 1086இல் மன்னர் முதலாம் வில்லியம் முக்கியமான நிலக்காரர்களை சாலிஸ்பரியில் கூட்டி, அவர்கள் எந்தப் பிரபுவின் ஆட்களாயினும் தமக்கே விசுவாசம் என்று சத்தியம் வாங்கினார். அரசரின்மேலான விசுவாசமே மற்ற விசுவாசங்களுக்கு மேற்பட்டது என்பது இதனால் நிலைபெற்றது.

இல்லறத்தில் ஃபிடெலிட்டி கணவன் மனைவி இருவரையும் கட்டும் என்பார்கள். ஆங்கிலச் சட்டம் அப்படிக் கருதவில்லை. 1351ஆம் ஆண்டின் துரோகச் சட்டப்படி, எஜமானைக் கொன்ற வேலைக்காரனைப் போலவே கணவனைக் கொன்ற மனைவியும் 'சிறு துரோகி'. மனைவியைக் கொன்ற கணவன் வெறும் கொலைகாரன். இத்தகைய பெண்களை எரிக்கும் தண்டனை 1790இலும், அந்தக் குற்றப்பிரிவு 1828இலும் நீக்கப்பட்டன. 1857ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டத்திலும் மனைவியின் பிறன்தொடர்பு மட்டுமே கணவனுக்குப் போதிய காரணம். மனைவியோ கணவனின் முறைகேடான தொடர்புக்குமேல் கொடுமை, கைவிடல் போன்ற ஒன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1923இல்தான் இது சமன்செய்யப்பட்டது. கலையிலோ மனைவியின் விசுவாசத்தைப் போற்றிய பேத்தோவனின் ஒரே ஓப்பரா 'ஃபிடெலியோ' 1805இல் அரங்கேறியது.

அமெரிக்க மரைன் படை 1883இல் ஃபிடெஸ் வேரிலிருந்து வந்த 'செம்பர் ஃபிடெலிஸ்' (என்றும் விசுவாசம்) என்ற தொடரை முழக்கமாக்கிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் மூல ஒலியைச் சிதைக்காமல் திருப்பித்தரும் கருவிகளுக்கு ஹை-ஃபிடெலிட்டி, சுருக்கமாக ஹை-ஃபை, என்ற பெயர் வந்தது. 2023இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவில் கேன்டர்பரி பேராயர் ஃபியல்ட்டி சத்தியம் செய்தார். இந்தியக் காப்பீட்டுத் துறையில் ஃபிடெலிட்டி கியாரண்டி என்ற பாலிசி, ஊழியர் கையாடலால் முதலாளிக்கு நேரும் இழப்பை ஈடுசெய்கிறது.