சிதைந்த கல்வெட்டும் கறை படிந்த சமையல் நோட்டும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் சோழர் காலம் தொட்டே கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்து சிதைந்த இடம் வந்தால், முன்பின் வரிகளை வைத்துத்தான் ஊகிக்கணும். அதே வேலையை ஒரு வீடியோ கேமும் நமக்குக் கொடுக்குதுங்க.

டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'தான் அது. 1988இல், கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியிடம் கதை தொடங்குகிறது. சண்டை, துப்பாக்கி எதுவும் கிடையாது. அம்மாவின் சமையல் நோட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லி, புட்டு செய்யணும், அவ்வளவுதான். இட்லித் தட்டைத் தப்பா அடுக்கிட்டீங்களா? சிரிச்சுக்கிட்டே மறுபடி அடுக்கலாம்.

மகன் கவின் வளர்ந்தபிறகு அதே நோட்டைத் திறக்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. அதிலுள்ள தமிழைப் படிக்க அவன் தடுமாறுகிறான். கல்வெட்டுகளுக்கும் இதுதானே நடந்தது? கல் தேய்வதற்கு முன்பே படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள்.

2024இல் இந்த விளையாட்டுக்கு, அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. உங்க வீட்டில் அப்படியொரு நோட்டு இருந்தால், அதில் 'ஒரு கை', 'கொஞ்சம்' என்பதெல்லாம் எவ்வளவு என்று எழுதியவர்களிடமே இப்பவே கேட்டு வைங்க.