மூன்றே முக்கால் அங்குலத்தின் பொருளாதாரம்

திரைப்படப் பாத்திரங்களின் உரிமம் பெற்ற உருவப் பொம்மைகளைச் சேகரிப்போர் எங்குக் கூடினும், அவர்களின் உரையாடல் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். இந்த உருவம் என்ன அளவில் வருகிறது? அந்த அளவுக்கு இந்த விலை தகுமா? இதை நுகர்வோரின் வழக்கமான மனக்குறை என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு பொம்மையின் உயரம், அது யாருக்காகச் செய்யப்பட்டது, யாருடைய பணத்தை நம்பிச் செய்யப்பட்டது என்பதற்கான வரலாற்றுச் சான்று. அரை நூற்றாண்டில் அந்த உயரம் மாறிய விதத்தைத் தொடர்ந்து பார்த்தால், குழந்தையின் கையிலிருந்த ஒரு பொருள் வளர்ந்தோரின் கண்ணாடி அலமாரிக்கு இடம்பெயர்ந்த கதை புலப்படும்.

1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஏறத்தாழ 12 அங்குல உயரத்தில் 'ஜி.ஐ. ஜோ' என்னும் படைவீரனை வெளியிட்டது. பொம்மை என்றால் சிறுமியருக்கு உரியது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த சந்தையில், சிறுவர்களிடம் அதை விற்பதற்காகவே 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற சொல் முன்வைக்கப்பட்டது. சொல் புதிது, வணிக முறை பழையது. 1959இல் வந்த பார்பியைப் போலவே, உருவத்தை ஒருமுறை விற்றுவிட்டு, அதற்கான உடைகளையும் துணைக்கருவிகளையும் தொடர்ந்து விற்பதே நோக்கம். துணி தைத்து அணிவிக்கவும் கருவிகளைக் கையில் பொருத்தவும் 12 அங்குலம் வசதியான அளவாக இருந்தது.

1970களில் மெகோ நிறுவனம் 8 அங்குலத்துக்கு இறங்கியது. ஒரே வகை உடலை அச்சில் வார்த்து, தலையையும் உடையையும் மட்டும் மாற்றினால் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரமாகிவிடும். 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' போன்ற திரைப்பட உரிமங்களும் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் உரிமமும் இம்முறையில் குறைந்த முதலீட்டில் பண்டமாயின. 1973இன் எண்ணெய் நெருக்கடி இந்தச் சுருக்கத்துக்கு மேலும் ஒரு காரணம் தந்தது. நெகிழி பெட்ரோலியத்தின் பிள்ளை. எண்ணெய் விலை ஏறினால் பொம்மையின் உடலும் விலையேறும். 12 அங்குல ஜி.ஐ. ஜோ 1976இல் நின்றுபோனது. அடுத்த ஆண்டு அவன் 8 அங்குல 'சூப்பர் ஜோ'வாகச் சுருங்கி வந்தான்.

திருப்புமுனை 1977. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பொம்மை உரிமத்தை மெகோ ஏற்கவில்லை. சின்சினாட்டியைச் சேர்ந்த கென்னர் நிறுவனம் ஏற்றது. அதன் தலைவர் பெர்னார்ட் லூமிஸ் தம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் காட்டி அளவை நிர்ணயித்தார் என்பது அத்தொழிலில் வழங்கும் செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், காரணம் தெளிவானது. இப்படத்தின் கவர்ச்சி மனிதர்களில் மட்டும் இல்லை, விண்கலங்களில் இருந்தது. உருவம் பெரிதானால் அது அமரும் கலமும் பெரிதாக வேண்டும். ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் 'அட்வென்ச்சர் பீப்பிள்' வரிசையில் ஏற்கெனவே இருந்த 3¾ அங்குல அளவு இதற்குப் பொருந்தியது.

கணக்கிட்டுப் பார்த்தால் இம்முடிவின் கூர்மை விளங்கும். 3¾ அங்குலம் என்பது ஏறக்குறைய 1:18 விகிதம். 12 அங்குலம் 1:6 விகிதம். உயரம் 3.2 மடங்கு கூடினால் மேற்பரப்பு 10 மடங்கும் கன அளவு 32 மடங்குக்கு மேலும் கூடும். 'மில்லெனியம் ஃபால்கன்' கலத்தின் நீளம் கதைப்படி சுமார் 34 மீட்டர். 1:6 விகிதத்தில் அது ஐந்தரை மீட்டரைத் தாண்டும். ஒரு வீட்டின் கூடமே அதற்குப் போதாது. 1:18 விகிதத்திலும் ஏறத்தாழ 1.9 மீட்டர் வரும். கென்னர் 1979இல் விற்ற ஃபால்கனோ சுமார் 21 அங்குலம், அதாவது அரை மீட்டரைச் சற்றே தாண்டியது. ஆக, விகிதம் என்பது தொடக்கத்திலிருந்தே ஓர் உடன்பாடுதான். ஓட்டுநர் அறைக்குள் உருவம் அமர்ந்தால் போதும், மீதியைக் குழந்தையின் கற்பனை நிரப்பிக்கொள்ளும் என்று நிறுவனம் நம்பியது. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலாமல், பின்னர் நான்கு உருவங்களை அனுப்புவதாக உறுதி கூறும் சான்றிதழ் வைத்த அட்டை உறையைக் கென்னர் விற்றது. 1978இல் உருவங்கள் கடைக்கு வந்தபோது ஒன்றின் விலை ஏறத்தாழ 2 டாலர். அவ்வாண்டு அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.65 டாலர். முக்கால் மணி நேர உழைப்பின் கூலியில் ஒரு தொழிலாளி தம் பிள்ளைக்கு ஒரு பாத்திரத்தை வாங்கித் தர முடிந்தது. கழுத்து, இரு தோள், இரு இடுப்பு என ஐந்தே அசைவிடங்கள், துணி உடை அரிது, வண்ணப்பூச்சு குறைவு, உற்பத்தி ஹாங்காங்கில். விலை குறைவாக இருந்ததால் ஒன்று பலவாயிற்று. கென்னர் இதே பாத்திரங்களை 12 அங்குலத்திலும் வெளியிட்டது. அவ்வரிசை சில ஆண்டுகளில் நின்றது. சிறிய வரிசையோ 1985 வரை நீடித்தது. 1982இல் ஜி.ஐ. ஜோவே 3¾ அங்குலத்தில் மறுபிறவி எடுத்தான்.

விலையை நிர்ணயிப்பது அளவு மட்டுமன்று. எஃகு அச்சுகளின் செலவு, உறுப்புகளின் எண்ணிக்கை, ஒவ்வோர் உருவத்தின் மீதும் நிகழும் வண்ணப்பூச்சின் படிகள், திரைப்பட நிறுவனத்துக்குச் செல்லும் உரிமத்தொகை, சுங்கம் ஆகியவை அனைத்தும் அதில் அடங்கும். அமெரிக்கச் சுங்கப் பட்டியலில் மனித உருவப் பொம்மைக்கு 12 விழுக்காடு வரி இருந்தது. மனிதரல்லாத உருவங்களுக்கு 6.8 விழுக்காடு. 'எக்ஸ்-மென்' பாத்திரங்கள் மனிதர்கள் அல்லர் என்று டாய் பிஸ் நிறுவனம் வழக்காடி, 2003இல் சாதகமான தீர்ப்பைப் பெற்றது. தாங்களும் மனிதர்களே என்று அக்கதைகளில் மன்றாடும் பாத்திரங்கள், வரிக்காக நீதிமன்றத்தில் மனிதத்தன்மையை இழந்தன.

இதற்குள் வாங்குவோர் மாறிவிட்டிருந்தனர். 1978இன் குழந்தைகள் வருமானமுள்ள பெரியவர்களாயினர். 2002இல் டாய் பிஸ்ஸின் 'மார்வல் லெஜண்ட்ஸ்' வரிசையும் 2013இல் ஹாஸ்ப்ரோவின் 'பிளாக் சீரிஸ்' வரிசையும் 6 அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 1:12 விகிதத்தை, சேகரிப்பாளரின் பொது அளவாக்கின. நடிகரின் முகச்சாயலும் முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் வரையிலான அசைவும் இந்த அளவில் கைகூடின. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. 2015இல் 6 அங்குல விமானியை அமர்த்தக்கூடிய 'டை ஃபைட்டர்' கலத்தின் விலை சுமார் 170 டாலர். மனிதர்கள் வளர்ந்தார்கள், அவர்கள் ஏறிச் செல்லும் ஊர்திகள் பலருக்கு எட்டாப் பொருளாயின. உச்சியில், ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் 1:6 விகிதத்தில், தைத்த உடையும் தோலின் துளையும் தெரியும் முகமுமாக, சில நூறு டாலர் விலையில் உருவங்களை விற்கிறது. 12 அங்குலம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் விளையாட அன்று, பார்க்க.

சிறிய அளவும் தப்பவில்லை. 3¾ அங்குல உருவங்கள் அண்மை ஆண்டுகளில் 16 டாலரைத் தாண்டிவிட்டன. 2009 முதல் மாறாத 7.25 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தில் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. 2018இல் ஹாஸ்ப்ரோ, 'ஜப்பாவின் படகை' ஏறத்தாழ 4 அடி நீளத்தில், 499.99 டாலருக்கு, 5,000 பேர் முன்பதிவு செய்தால் மட்டுமே செய்வதாக அறிவித்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். ஒருகாலத்தில் நிறுவனம் சுமந்த இடரை இங்கே வாங்குவோர் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டனர்.

இந்தியாவில் இக்கணக்கு வேறு வடிவம் கொண்டது. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் இணைந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ. ஜோ உருவங்களை இங்கேயே வார்த்து விற்றது. மூலத்தில் இல்லாத வண்ணச் சேர்க்கைகளோடு வந்த அவ்வுருவங்களை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். அதே வேளையில் இங்குள்ள சேகரிப்பாளருக்கு வெளிநாட்டு உருவம் எட்டாத உயரத்தில் நிற்கிறது. பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20இலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. 2021 தொடக்கத்திலிருந்து இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் கட்டாயம். உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இக்கொள்கைக்கு நியாயங்கள் உண்டு. ஆயினும், 25 டாலர் உருவம் ஒன்று இங்கு வந்துசேரும்போது அதன் விலைச்சீட்டில் குழந்தைக்கு இடமில்லை.

2024இல் ஓர் ஏலத்தில் 'போபா ஃபெட்' உருவத்தின் மாதிரி ஒன்று 5,25,000 டாலருக்கு விலைபோனது. ராக்கெட் எய்யும் அந்தப் பொம்மை, பாதுகாப்பு அச்சத்தால் கடைக்கே வராமல் கைவிடப்பட்ட ஒன்று. எந்தக் குழந்தையும் விளையாடாத பொம்மைக்கே உச்ச விலை என்பதில் இவ்வரலாற்றின் சாரம் இருக்கிறது. பெட்டி திறவாத உருவங்களைச் சந்தை பாதுகாக்கும். நிறம் தேய்ந்து, கை முறிந்து, மணலில் புதைந்து கிடந்த 2 டாலர் உருவங்களை யாரும் பாதுகாப்பதில்லை. பொம்மையை விளையாட்டின் சான்றாகக் கொண்டு குழந்தைப் பருவத்தின் வரலாற்றை எழுத முனைவோருக்கு வேண்டியவை அந்தத் தேய்ந்த உருவங்களே.