விமானி வாங்கிய எரிமலை

1960-களின் இறுதியில் அமெரிக்கச் சிற்பிகளும் ஓவியர்களும் சிலர் நியூயார்க்கின் காட்சிக்கூடங்களை விட்டு மேற்கு மாநிலங்களின் வறண்ட நிலங்களுக்குச் சென்று, மண்ணையும் பாறையையும் வானையுமே தம் கலைக்குரிய பொருளாகக் கொண்டனர். அவர்கள் தோற்றுவித்த இயக்கம் நிலக்கலை எனப் பெயர் பெற்றது. நெவாடாவில் மேட்டுநிலத்தின் விளிம்பை வெட்டி மைக்கேல் ஹைசர் அமைத்த ‘டபுள் நெகடிவ்’ (1969), யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்குள் கரும்பாறைகளைக் கொட்டி ராபர்ட் ஸ்மித்சன் சுருள்வடிவில் எழுப்பிய ‘ஸ்பைரல் ஜெட்டி’ (1970) ஆகியவை தரையில் நிற்பவரைவிட மேலிருந்து பார்ப்பவருக்கே முழுமையாகப் பிடிபடுபவை என்பதால், சிறு விமானம் இக்கலைஞர்களுக்கு உளியைப் போன்ற கருவியாயிற்று. 1973 ஜூலையில் டெக்சாஸில் அடுத்த படைப்புக்கான இடத்தை வானிலிருந்து பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது விமானம் விழுந்து ஸ்மித்சன் 35 வயதில் இறந்தார். அவர் பயணியாக ஏறியவர். விமானத்தைத் தாமே ஓட்டியதோடு, அந்த அனுபவத்திலிருந்தே தம் கலைக்குரிய கேள்விகளை எடுத்தவர் ஜேம்ஸ் டரெல்.

1943-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த டரெலின் தந்தை வானூர்திப் பொறியாளர். குடும்பம் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தது. சடங்கும் சொற்பொழிவும் இன்றி, கூட்டமாக மௌனத்தில் அமர்ந்து உள்ளொளிக்குக் காத்திருப்பதே இக்கிறித்தவப் பிரிவினரின் வழிபாடு. 16 வயதில் விமானி உரிமம் பெற்ற டரெல், பொமோனா கல்லூரியில் புலனுணர்வு உளவியலைப் பயின்று 1965-இல் பட்டம் பெற்றார். கண் வாங்கும் ஒளியை மூளை எவ்வாறு காட்சியாக்குகிறது என்பதை ஆராயும் துறை அது. வியட்நாம் போருக்கான கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து விலகும் வழியை இளைஞர்களுக்குக் கற்பித்ததற்காகச் சிறையும் சென்றார். குவேக்கர் மரபில் போர்மறுப்பு ஒரு கடமை என்பதை நோக்க, இது வாலிபத் துடுக்கு அன்று.

1966-இல் சான்டா மோனிகாவில், மென்டோட்டா என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, அதன் சன்னல்களை அடைத்து இருட்டாக்கி, அவர் தொடங்கிய சோதனைகள் எளியவை. அறையின் மூலையில் ஒளிவீழ்த்தியால் வெண்ணொளி பாய்ச்சப்பட்டபோது, சுவரில் ஒட்டிய வெளிச்சமாக அன்றி, மூலையில் மிதக்கும் ஒளிக் கனசதுரமாக அது தோன்றியது. ‘ஆஃப்ரம்’ எனப் பெயரிடப்பட்ட இவ்வரிசைப் படைப்புகளில் தொட்டுப்பார்க்க எதுவும் இல்லை. 1968-69 ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் கலை அருங்காட்சியகம் கலைஞர்களையும் தொழில்நுட்ப நிறுவனங்களையும் இணைத்த திட்டத்தில், ராபர்ட் இர்வின் என்ற ஓவியரோடும், விண்வெளிப் பயணிகளின் புலனுணர்வை ஆராய்ந்த எட் வோர்ட்ஸ் என்ற உளவியலாளரோடும் டரெல் பணியாற்றினார். கேன்ஸ்ஃபெல்ட் என்ற நிகழ்வு அங்கே அவர்களது ஆய்வுப்பொருளாயிற்று. கண்ணின் பார்வைப்பரப்பு முழுவதையும் ஒரே சீரான ஒளி நிரப்பும்போது, விளிம்போ நிழலோ பற்றிக்கொள்ளக் கிடைக்காமல் தொலைவும் ஆழமும் குழம்பிவிடும் நிலையையே உளவியலார் அவ்வாறு குறிக்கின்றனர்.

இந்நிலை சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு ஏட்டுச் செய்தி அன்று. வெண்மேகத்துக்குள் புகுந்து தொடுவானத்தை இழந்த விமானி, விமானம் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமிடும்போதும் நேராகச் செல்வதாகவே உணர்கிறார். உட்செவியின் சமநிலை உறுப்பும் அப்பொய்க்கே சாட்சி சொல்கிறது. அவ்வேளையில் உடல் சொல்வதைத் தள்ளி, செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவியை மட்டும் நம்ப வேண்டும் என்பது விமானப் பயிற்சியின் கடுமையான பாடங்களுள் ஒன்று. காணல் என்பது உள்ளதைப் பெறுதல் அன்று, கண்டுகொள்பவர் சமைத்துக்கொள்வது என்ற டரெலின் அடிப்படைக் கருத்தைக் கல்லூரிப் படிப்புக்கு மட்டும் உரியதாக்கும் விமர்சகர்கள், விமானியின் இருக்கையைக் கணக்கில் கொள்ளத் தவறுகின்றனர். 1980-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் நடந்த அவரது கண்காட்சியில், ஒளியைச் சுவரென்று எண்ணிச் சாய்ந்து விழுந்த பார்வையாளர் ஒருவர் வழக்கே தொடுத்தார்!

1974-இல் குகன்ஹைம் நல்கை கிடைத்ததும் அத்தொகையைக் கொண்டு எரிபொருள் நிரப்பி, மேற்கு மாநிலங்களின் மீது ஏறத்தாழ ஏழு மாதங்கள் பறந்து, இரவுகளில் விமானத்தின் இறக்கையடியில் உறங்கி, டரெல் ஓர் இடத்தைத் தேடினார். சமவெளியில் தனித்து நிற்கும், உச்சியில் கிண்ணம்போல் குழிந்த குன்று அவருக்குத் தேவைப்பட்டது. அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் வடகிழக்கே, பெயிண்டட் டெசர்ட் எனப்படும் பலநிறப் பாலையின் ஓரத்தில் ரோடன் கிரேட்டர் அகப்பட்டது. எரிமலை உமிழ்ந்த சாம்பற்கரி குவிந்து சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவான, சமவெளியிலிருந்து ஏறத்தாழ 600 அடி உயர்ந்த, அவிந்த எரிமலைக் கூம்பு அது. பாலைவனத்தை அவர் தேர்ந்தது துறவு மனப்பான்மையால் என்று எழுதுவோர் உண்டு. ஈரமற்ற காற்றும் நகர விளக்குகள் எட்டாத இருளும் அவரது படைப்புக்கு மூலப்பொருள்கள் என்பதால், இதைத் தொழில்முறைத் தேர்வாகக் கொள்வதே பொருந்தும்.

டியா கலை அறக்கட்டளையின் உதவியோடு 1977-இல் குன்று அவர் வசமாயிற்று. ஆனால் எண்ணெய்த்துறைச் செல்வத்தை நம்பியிருந்த அவ்வறக்கட்டளை, எண்ணெய் விலை சரிந்த 1980-களில் தள்ளாடியபோது, அவர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. குன்றைச் சுற்றிலும் பிறர் வீடு கட்டி விளக்கேற்றினால் இருள் கெடும். அதைத் தடுக்கச் சுற்றுநிலத்தையும் வாங்கியாக வேண்டும். கலைக்குக் கடன் தராத வங்கிகள் மாட்டுப்பண்ணைக்குத் தரும். எனவே அவர் பண்ணைக்காரரானார். ஒளியைப் பற்றி மறைஞானிபோல் பேசுபவராக அறியப்பட்டவர், மாடு விலையையும் மேய்ச்சல் புல்லையும் கணக்கிட்டே அதைக் காத்தார் என்பது அவரது வரலாற்றின் மிகச் சுவையான பகுதி.

கட்டுமானத்தில் முதலில் கிண்ணத்தின் விளிம்பு சமன்செய்யப்பட்டது. அதற்காகப் பத்து லட்சம் கன கெஜத்துக்கு மேல் மண் நகர்த்தப்பட்டது. கிண்ணத்தின் நடுவே மல்லாந்து படுப்பவருக்கு, சீரான விளிம்பின்மேல் வானம் தட்டையாக அன்றிக் கவிந்த குவிமாடமாகத் தென்படுகிறது. குன்றின் அடியிலிருந்து மேலேறும் 854 அடிச் சுரங்கவழியில் நடப்பவருக்குத் தொலைவில் முழுநிலாப்போல் ஒரு வட்டம் தெரிகிறது; நெருங்க நெருங்க அது நீண்டு, இறுதியில் கூரையில் வெட்டப்பட்ட நீள்வட்டத் திறப்பாக மாறிவிட, அதனூடே வெண்கலப் படிக்கட்டு ஒன்று வானை நோக்கி ஏறுகிறது. சந்திரன் தன் பாதையில் தென்கோடியை எட்டும் காலம் 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அப்போது இதே சுரங்கம் பெரும் ஊசித்துளைக் கேமராவாக இயங்கி, மறையும் நிலவின் உருவத்தை உள்ளறையின் கல்மீது வீழ்த்துமாறு திசை கணிக்கப்பட்டுள்ளது.

இத்தகைய நுட்பங்களை டரெல் ‘ஸ்கைஸ்பேஸ்’ என்ற சிறு அறைகளாகவும் உலகெங்கும் கட்டியுள்ளார். கூரைத் திறப்பின் விளிம்பு கத்திமுனையாகச் சீவப்பட்டிருப்பதால் அதன் தடிமன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆழத்தை அளக்கக் குறிப்பில்லாத மூளை, வானத்தைக் கூரையில் பதித்த வண்ணத் தகடாகக் கொள்கிறது. நியூயார்க்கின் பிஎஸ்1 கலை மையத்தில் உள்ள ‘மீட்டிங்’ இவ்வகையின் தொடக்ககாலச் சான்று.

ரோடன் கிரேட்டரோ இன்னும் முடியவில்லை. 2019-இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 1 கோடி டாலர் வழங்கியதோடு, அங்கேயே ‘ஜீசஸ் இஸ் கிங்’ படத்தையும் எடுத்தார். அதே ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் பணியில் கைகோத்தது. திறப்பு விழாவுக்கென வெவ்வேறு காலங்களில் சொல்லப்பட்ட ஆண்டுகள் பல கடந்துவிட்டன. 80 வயதைத் தாண்டிய கலைஞரின் தலைமையில் வேலை நடந்துகொண்டிருக்கும் அக்குன்றுக்குள் பொதுமக்களுக்கு இன்றளவும் நிரந்தர அனுமதி இல்லை.