காதற் கதைக்குள் அரசியல்

நாம் வாழும் வேங்கிக்காலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தெருக்கூத்துக் கண்டோர் ஒன்றை அறிவர். முதன்மையான வேடம் களத்திற்கு வரும்பொழுது இருவர் ஒரு துணித் திரையைப் பிடித்து நிற்பர். வேடதாரி அதன் பின்னின்று பாடுவார். குரல் முதலில் வரும். முகம் பிறகு தெரியும். தமிழகத்தில் மேடையேறிய பில்கணன் கதையும் இத்தகைய ஒரு திரையைச் சுற்றியே அமைந்ததாகும்.

பில்கணர் வரலாற்று மனிதர். காசுமீரத்தில் பிறந்து, கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் (1076-1126) அவையை அடைந்து, அவன்மீது வடமொழியில் காவியம் இயற்றியவர். அக்காவியத்தின் இறுதியில் தம் வரலாற்றையும் கூறுகிறார். ஆயினும் இளவரசியைக் காதலித்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. காதற் கதை பின்னாளில் அவர் பெயரோடு இணைந்ததே. கொலைக்களம் செல்லும் கவிஞன் பாடுகிறான். அரசன் மனமிரங்கி மன்னித்து மகளைத் தருகிறான் என்பது அக்கதையின் முடிவு.

புதுவையில் வாழ்ந்த பாரதிதாசன் இக்கதையை எடுத்து, 1937இல் ‘புரட்சிக்கவி’ என்னும் குறுங்காவியமாக்கினார். இளவரசி அமுதவல்லிக்கு யாப்புக் கற்பிக்க உதாரன் வருகிறான். அவன் குருடன் என்று அவளிடமும், அவள் தொழுநோயாளி என்று அவனிடமும் கூறி, இடையே திரை இடுகின்றனர். ஓரிரவு முழுநிலவைக் கண்டு அவன் பாடுகிறான். குருடன் நிலவைப் பாடுவது எங்ஙனம்? அவள் திரையை நீக்க, பொய் வெளியாகிறது, காதல் பிறக்கிறது. அரசனோ கொலைத் தண்டனை விதிக்கிறான். அவனுக்குக் கவிதை வேண்டும். கவிஞனைத் தனக்கு நிகராக ஏற்க மனமில்லை.

இங்கேதான் பாரதிதாசன் பழைய முடிவை மாற்றினார். கொலைக்களத்தில் உதாரன் அரசனை நோக்கி இரக்கவில்லை. கூடியிருந்த மக்களை நோக்கிப் பேசுகிறான். மக்கள் எழுகின்றனர், முடியாட்சி வீழ்கிறது, நாடு அனைவர்க்கும் பொதுவாகிறது. மன்னிப்பு என்பது அரசன் விரும்பினால் தருவது. நீதி என்பது மக்கள் உரிமையாகப் பெறுவது. ஒரு காதலின் துன்பத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை அவர் விளக்கிவிட்டார்.

அந்நாளில் ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் அரசை எதிர்க்கும் நாடகங்களைத் தடுக்க 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் இருந்தது. பழங்கதை மன்னர்கள் எழுத்தாளர்க்குக் காப்பாயினர். எகிப்திலும் இதுவே நிகழ்ந்தது. அங்கே 1922இல் விடுதலை அறிவிக்கப்பட்ட பின்னும் ஆங்கிலப் படை அகலவில்லை. அரபுக் கவியரசர் அஹ்மத் ஷவ்கி (1868-1932) கிளியோபாட்ராவின் மரணத்தைப் பற்றிய கவிதை நாடகத்தை 1929இல் வெளியிட்டார். ஆக்டியம் கடற்போரினின்றும் அவள் விலகியதைக் கோழைத்தனம் என்றனர் ரோமானியர். உரோமர் தம்முள் மோதி அழியட்டும், எகிப்து வாழட்டும் என்ற சூழ்ச்சித்திறனாகக் காட்டினார் ஷவ்கி. காதலியின் பெயரால் பேசியது ஒரு நாடு.

தமிழில் ஏ.எஸ்.ஏ. சாமி எழுதிய ‘பில்கணன்’ நாடகத்தை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றினர், 1948இல் அது திரைப்படமுமாயிற்று.

நம் நாட்டில் முடியரசுகள் மறைந்துவிட்டன. ஆனால் ஒருவரையொருவர் காணவொட்டாது இடையே பொய்யைத் தொங்கவிடும் வழக்கம் மறைந்ததா? வீட்டிலும் ஊரிலும் பிறரைப் பற்றி நம் செவியில் விழும் சொற்களை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல் நன்று. திரையை நீக்கிப் பார்க்கும் துணிவு அமுதவல்லிக்கு இருந்தது, நமக்கும் வேண்டும்.