கிணத்துத் தண்ணீர் தெளிவா இருந்தா போதுமா? குடிக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

மேகமலை அடிவாரத்தில் இருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் தோட்டத்துக் கிணறும் வீட்டு போரும் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. குழாயில் தண்ணீர் வராத நாளில் பலருக்கும் குடிக்க, சமைக்க எல்லாமே அதுதான்.

நகராட்சியோ ஊராட்சியோ அனுப்பும் குடிநீரில் குளோரின் கலப்பதும், பரிசோதிப்பதும் அவங்க பொறுப்பு. உங்க சொந்தக் கிணத்துக்கு நீங்கதான் பொறுப்பு. "எங்க தாத்தா காலத்துல இருந்து குடிக்கிறோம், ஒண்ணும் ஆகல" என்பது பரிசோதனை ஆகாது. தாத்தா காலத்தில் பக்கத்து வீட்டில் செப்டிக் டேங்க் இருந்திருக்காது.

அப்படின்னா கிணத்துத் தண்ணீரை எப்படிப் பாதுகாப்பா வச்சுக்கிறது? பார்ப்போம்.

நல்ல தண்ணீர் எப்படிக் கெடுது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையும், முல்லைப் பெரியாறு பாசனத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கித்தான் பள்ளத்தாக்கில் கிணறுகள் ஊறுது. மண் ஒரு நல்ல வடிகட்டி. ஆனா நம்ம பகுதி கடினப் பாறைப் பகுதி. மேல் மண்ணைத் தாண்டிப் பாறை இடுக்குக்குள் இறங்கிய தண்ணீர் பெரிசா வடிகட்டப்படாமலேயே கிணத்துக்கு வந்து சேரும்.

அதோட சேர்ந்து வரும் ஆபத்து ரெண்டு வகை.

* கிருமி: கழிவறைத் தொட்டி, மாட்டுக் கொட்டகை, சாக்கடையில் இருந்து வரும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை வர இதுதான் காரணம்.
* ரசாயனம்: வாழை, திராட்சை, நெல்லுக்குப் போடும் யூரியா போன்ற தழைச்சத்து உரத்தில் பயிர் எடுத்தது போக மீதி, நைட்ரேட்டாகக் கரைந்து இறங்கும். கழிவறைத் தொட்டியில் இருந்தும் நைட்ரேட் வரும். ஃப்ளோரைடு பாறையில் இருந்தே கரையும்.

இந்த ரெண்டையும் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். ஏன்னா ஒண்ணுக்கு உள்ள மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாது.

ருசியா இருந்தா நல்ல தண்ணீரா?

இல்லை. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவி நூற்றுக்கணக்கானோர் இறந்தாங்க. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு தெருவோர அடிபம்ப்தான் காரணம்னு கண்டுபிடிச்சார். அந்தத் தண்ணீர் ருசியா இருக்குன்னு வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண்மணி அதை வரவழைச்சுக் குடிச்சு, காலராவில் இறந்தே போனார். பிறகு தோண்டிப் பார்த்தப்போ, கிணத்துக்குச் சில அடி தூரத்திலேயே ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது தெரிஞ்சுது.

கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் நிறமோ மணமோ கிடையாது.

செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம் இருக்கணும்?

குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி. நிலம் சரிவா இருந்தா கிணறு மேட்டுப் பக்கமும், தொட்டி பள்ளத்துப் பக்கமும் இருக்கணும்.

நாம் செப்டிக் டேங்க்னு சொல்றது பல வீடுகளில் உண்மையில் அடிப்பகுதி பூசாத உறைத் தொட்டி. "எங்க டேங்க் இருபது வருஷமா நிறையவே இல்லை" என்று யாராவது பெருமையா சொன்னா, அது நிலத்துக்குள் கசியுதுன்னுதான் அர்த்தம்.

ரெண்டு மூணு சென்ட் மனையில் 50 அடி விடுறது நடக்காத காரியம். அப்படிப்பட்ட வீடுகளில் கிணத்துத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வச்சுக்கிட்டு, குடிக்கக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துறது நல்லது. வேறு வழியே இல்லைன்னா காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

காய்ச்சிக் குடிச்சா போதுமா?

கிருமிக்குப் போதும். கலங்கலா இருந்தா தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, தளதளன்னு கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் விட்டா போதும். மேகமலை சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிச்சுடும். கிருமி சாக அந்தச் சூடு போதும். எஸ்டேட் பகுதிகளில் ஊற்று நீரைக் குடிப்பவங்களுக்கும் இதே விதிதான். "மலை ஊத்து, சுத்தமா இருக்கும்" என்ற நம்பிக்கை வேண்டாம். மேலே காட்டு விலங்குகளும் மாடுகளும் நடமாடும்.

ஆனா ரசாயனத்துக்குக் காய்ச்சுறது தீர்வே இல்லை. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் அப்படியே தங்கி, அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கைக்குழந்தை இருக்கும் வீடா?

இதை அவசியம் படிங்க. இந்தியத் தர அமைப்பின் குடிநீர் அளவுகோல் (ஐ.எஸ். 10500) படி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரில் பால் பவுடர் கரைச்சுக் கொடுத்தா, ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். உதடும் விரல் நுனியும் நீலம் பூக்கும். அப்படித் தெரிஞ்சா உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். பரிசோதிக்காத கிணத்துத் தண்ணீரைக் காய்ச்சினாலும் குழந்தைக்குப் பால் கரைக்கப் பயன்படுத்த வேண்டாம்.

ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேறு தண்ணீரே இல்லாதபோது மட்டும் 1.5 வரை அனுமதி. இதைத் தாண்டினா பல்லில் கறை விழும், அளவு கூடக்கூட எலும்பும் பாதிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

எங்கே பரிசோதிக்கலாம்?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள் இருக்கு. தனியாரும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். "ரசாயனம், கிருமி ரெண்டும் பார்க்கணும்" என்று சொல்லிக் கேளுங்க.

* போர் என்றால் மோட்டாரை 5 நிமிஷம் ஓடவிட்ட பிறகு பிடிக்கணும். மேல்தொட்டித் தண்ணீரைக் கொடுத்தா தொட்டியின் நிலைதான் தெரியும்.
* கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்கணும். மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. ஐஸ் வச்சு, முடிஞ்சா 6 மணி நேரத்துக்குள் கொண்டு போகணும்.
* முடிவில் ஈ-கோலை என்ற இடத்தில் "இல்லை" என்றுதான் இருக்கணும். கொஞ்சம் இருந்தா பரவாயில்லை என்ற பேச்சே கிடையாது.

வீட்டுக்கு வந்து டெஸ்ட் பண்றாங்களே, நம்பலாமா?

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைஞ்ச உப்பின் மொத்த அளவை மட்டும்தான் காட்டும். கிருமி இருக்கா, நைட்ரேட் இருக்கா என்று அதுக்குத் தெரியாது. ரெண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் பழுப்பா மாறுதே, அது அழுக்கு இல்லை. கம்பி அரிச்சு வரும் இரும்புத் துரு. அதைப் பார்த்துப் பயந்து மெஷின் வாங்க வேண்டாம். நைட்ரேட்டோ ஃப்ளோரைடோ கூடுதல்னு ஆய்வக அறிக்கை சொன்னா ஆர்.ஓ. உதவும். கிருமி மட்டும்தான் பிரச்சினைன்னா காய்ச்சுறதே போதும்.

கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?

சாதாரணமா 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கணக்கு இதுதான்: வட்டக் கிணத்தின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கணும். எல்லாம் மீட்டரில்.

உதாரணமா 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 3 x 3 x 4 x 785 = சுமார் 28,000 லிட்டர். அதுக்கு 70 கிராம் பவுடர்.

1. வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைச்சு, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊத்திக் கலக்குங்க.
2. பத்து நிமிஷம் தெளியவிடுங்க. அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணத்தில் கொட்டக் கூடாது, தண்ணீர் கடினமாகும்.
3. தெளிந்த நீரை வேறு வாளிக்கு மாத்தி, கிணத்துத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்க.
4. குறைந்தது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் இறைக்கணும். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது இன்னும் நல்லது.

திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். வெள்ளம் புகுந்த கிணத்துக்கு இந்த அளவு பத்தாது. முழுசா இறைச்சு, சுவரைத் தேய்ச்சுக் கழுவி, கூடுதல் அளவு போடணும். அந்த அளவை உங்க பகுதி சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுப் போடுங்க. தூர்வார இறங்குபவர் தனியா இறங்கக் கூடாது. டீசல் இன்ஜினைக் கிணத்துக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, அந்தப் புகை உயிரைப் பறிக்கும்.

கிணத்தைச் சுத்தி என்ன செய்யணும்?

* சுற்றுச்சுவர் இரண்டரை அடி உயரமாவது வேணும். சுத்தி 3 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரியும் சிமென்ட் தளம் போடுங்க. மேலே மூடி போடுங்க.
* போர் குழாய் தரைமட்டத்துக்கு மேலே நிக்கணும், மூடி இறுக்கமா இருக்கணும்.
* மழைநீர் சேகரிப்புக் குழாயை, குடிக்க எடுக்கும் போருக்குள் நேரா விடாதீங்க. மணல், ஜல்லி போட்ட தனிக் குழியில் இறக்குங்க.
* பூச்சிமருந்து கலக்குறது, ஸ்பிரேயர் கழுவுறது எல்லாம் கிணத்தை விட்டுத் தள்ளித்தான்.

எப்போ பரிசோதிக்கணும்?

ஆண்டுக்கு ஒரு முறையாவது. வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச கையோடு செய்வது நல்லது. அதுக்கு நடுவிலும் கிணத்தில் வெள்ளம் புகுந்தா, பக்கத்தில் புதுசா கழிவறைத் தொட்டி தோண்டினா, வீட்டில் ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தா, குழந்தை பிறக்கப் போகுதுன்னா, தள்ளிப் போடாம தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொண்டு போங்க. முடிவு வரும் வரை குடிக்க வேறு தண்ணீர் எடுங்க. அது கிடைக்காவிட்டால் காய்ச்சித்தான் குடிக்கணும்.