படித்தார்கள், பேசினார்கள்!

1792 ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 25 ஆம் நாள் மாலை. லண்டன் மாநகரில், ஸ்ட்ராண்டு வீதியை ஒட்டிய எக்சீட்டர் தெருவில் ஒரு மதுவிடுதி. அங்கே ஒன்பது பேர் கூடினர். பிரபுக்கள் அல்லர்; பட்டம் பெற்ற பண்டிதர்களும் அல்லர்; உழைத்து உண்பவர்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டனர். புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, விலைவாசி ஏறிவிட்ட கொடுமையைப் பேசினர். பின்னர், அவர்களை அழைத்திருந்த தாமஸ் ஹார்டி, ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த செருப்புத் தொழிலாளி, ஒரு கழகம் காணலாம் என்றார். சந்தா வாரம் ஒரு பென்னி. லண்டன் கடிதத் தொடர்புக் கழகம் பிறந்தது இப்படித்தான்.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி எது தெரியுமா? கடைக்காரரும் கைவினைஞரும் ஆகிய தங்களுக்கு நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரும் உரிமை உண்டா, இல்லையா என்பது! இன்று கேட்டால் நகைப்போம். அவர்கள் நகைக்கவில்லை; ஐந்து இரவுகள் விவாதித்த பின்பே, 'உண்டு' என்று முடிவு கட்டினர். உரிமையைக் கேட்பதற்கு முன், கேட்க உரிமை உண்டா என்று ஐந்து இரவு எண்ணிப்பார்க்க வேண்டிய நிலையில் உழைப்பாளியை வைத்திருந்தது அந்நாளைய இங்கிலாந்து.

வாக்குரிமைக் கிளர்ச்சியின் முன்னோடி என்று இக்கழகத்தை வரலாற்று ஏடுகள் குறிக்கும். நான் எடுத்துரைக்க விழைவது வேறொன்று. அவர்கள் நூல்களைப் படித்த முறை. படித்ததைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிய முறை. அரசு அஞ்சியது அந்தப் பேச்சுக்குத்தான்.

அந்நாளில் ஊரெங்கும் பேசப்பட்ட நூல், தாமஸ் பெயின் எழுதிய 'மனிதனின் உரிமைகள்'. முதற்பகுதி 1791 இல் வெளிவந்தது. விலை மூன்று ஷில்லிங். கூலியாளுக்கு எட்டாத விலை. 1792 பிப்ரவரியில் இரண்டாம் பகுதி வந்தது. ஆறு பென்சு மலிவுப் பதிப்புகளும் பரவின. உடனே அலறியது அரண்மனை! மே 21 ஆம் நாள், கலகம் தூண்டும் எழுத்துகளுக்கு எதிராக அரச அறிக்கை. திசம்பர் 18 ஆம் நாள் பெயின்மீது வழக்கு விசாரணை. அவரோ அதற்குள் பிரான்சு நாட்டின் மன்றத்தில் உறுப்பினராக அமர்ந்துவிட்டார்! அரசு வழக்கறிஞர் அன்று சொன்ன காரணம் சுவையானது. முதற்பகுதி, ஆய்ந்து பார்க்கும் அறிவுடையோர் கையில் மட்டும் இருக்குமென்று எண்ணி விட்டுவிட்டாராம். இரண்டாம் பகுதியோ எல்லார் கையிலும் திணிக்கப்பட்டு, குழந்தைகளின் மிட்டாயைச் சுற்றும் தாளாகவும் வந்துவிட்டதால் வழக்குத் தொடுத்தாராம்! ஆகவே குற்றம் கருத்தில் மட்டுமா இருந்தது? விலையிலும் இருந்தது.

மறு ஆண்டு, 1793 இல், காட்வின் எழுதிய 'அரசியல் நீதி' வெளிவந்தது. விலை ஒரு பவுன் 16 ஷில்லிங். மூன்று ஷில்லிங்குக்கே வழியற்றவனை இத்தனை விலை கொண்ட நூல் என்ன செய்துவிடும் என்று தலைமை அமைச்சர் பிட் அதனைத் தடுக்காமல் விட்டதாக ஒரு செய்தி உண்டு. பலர் காசு சேர்த்து ஒரு படி வாங்குவார்கள் என்பதை அந்தப் பெருமகன் எண்ணவில்லை போலும்.

கழகம் பல கிளைகளாக இயங்கியது. அவற்றுள் ஒன்றில் 1794 சூன் திங்களில் சேர்ந்தவர் பிரான்சிஸ் பிளேஸ் என்ற இளைஞர். தோல் கால்சட்டை தைப்பவர். வேலையற்றுப் பட்டினி கிடந்த நாட்களிலும் படிப்பை விடாதவர். ஞாயிறு மாலைகளில் அக்கிளையின் படிப்பு வட்டம் எப்படி நடந்தது என்பதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்துள்ளார்.

நூல் ஒன்று. அது கைமாறி வீடுவீடாகச் செல்லும். இயன்றவர்கள் குறித்த பகுதியைப் படித்து வருவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் முறைவைத்து மாறுவார். இன்று கேட்டவர் நாளை தலைவர். தலைவர் ஒரு பகுதியைப் படித்து நிறுத்துவார்; கருத்துச் சொல்ல விரும்புவோர் சொல்லலாம், எழுந்து நிற்க வேண்டியதில்லை. அடுத்த பகுதி, மீண்டும் அழைப்பு. எஞ்சிய பகுதி, மூன்றாம் அழைப்பு. அதுவரை வாய் திறவாதவர்கள் இப்போது ஏதேனும் சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கப்படுவர். அதன் பின்னரே பொது விவாதம். அதிலும் ஒரு விதி: பேச விரும்பும் எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கும் வரையில், எவரும் இரண்டாம் முறை பேசலாகாது.

எழுந்து நிற்க வேண்டியதில்லை என்ற அந்தச் சிறு ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள்! எழுந்து நின்றால் அது சொற்பொழிவு. அமர்ந்து சொன்னால் உரையாடல். ஆசிரியத் தொழில் புரிபவன் நான். கடைசி வரிசை மாணவன் ஒரு சொல் பேசுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை நாளும் காண்கிறேன். அவனை ஊமையாக்குவது பெரும்பாலும் அறியாமையன்று, முன்வரிசையின் நாவன்மை! நம் இலக்கிய மன்றங்களிலும், நூலைப் படித்த ஒருவர் ஒரு மணிநேரம் முழங்க, படிக்காத ஐம்பதுபேர் கைதட்டிக் கலைகிறோம். லண்டன் தையற்காரர்கள் இதனினும் மேலான வழியைக் கண்டிருந்தனர். ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை: அவை ஆண்களின் வட்டங்களாகவே இருந்தன. பெண்ணுரிமைக்காக மேரி உல்ஸ்டன்கிராப்ட் நூல் எழுதியதும் அதே 1792 இல்தான்!

கழகத்துக்குள் ஒற்றர்கள் புகுந்தனர். லைனம் என்பவன் உறுப்பினனாகவே நடித்து, கேட்டதையெல்லாம் அரசுக்கு எழுதினான். 1794 மே 12 ஆம் நாள் விடியலில் ஹார்டி கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு இராசத்துரோகம், தண்டனை, தூக்கிலிட்டு உடலை நான்கு துண்டாக்குவது. அவர் கோபுரச் சிறையில் கிடக்கையில், சூன் 11 ஆம் நாள், கடற்போர் வெற்றியைக் கொண்டாடிய கும்பல் அவர் வீட்டைத் தாக்கியது. நிறைமாத நிலையை நெருங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி லிடியா, பின்புறச் சிறு சாளரத்தின் வழியே தப்ப நேர்ந்தது. ஆகசுட்டு 27 ஆம் நாள் குழந்தை இறந்தே பிறந்தது. அன்றே தாயும் மாண்டாள். நவம்பர் 5 ஆம் நாள் சான்றாயர் ஹார்டியை விடுதலை செய்தனர். மக்கள் அவர் வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். அவர் திரும்பி வந்தபோது மனைவி இல்லை.

அவருக்காக வாதாடிய எர்ஸ்கின்தான் பெயினுக்காகவும் வாதாடியவர். அவரே 1797 இல், பெயினின் மத ஆராய்ச்சி நூலான 'அறிவின் காலம்' விற்ற வணிகர் தாமஸ் வில்லியம்சைத் தண்டிக்கும்படி எதிர்த்தரப்பில் நின்று வாதாடினார்! அரசனைக் கேள்வி கேட்கலாம், ஆண்டவனைக் கேட்கலாகாது போலும்.

1795 இல் வந்த சட்டங்கள், ஐம்பது பேருக்கு மேற்பட்ட அரசியல் கூட்டங்களுக்குக் கட்டுக்காவல் விதித்தன. 1799 இல் வந்த சட்டம் கழகத்தைப் பெயர் சொல்லியே தடை செய்தது. காசு பெற்றுக்கொண்டு நூலும் செய்தித்தாளும் படிக்க இடந்தரும் அறைக்கும் உரிமம் வேண்டும் என்றது. உரிமம் இல்லையேல், சட்டத்தின் கண்ணில் அது ஒழுக்கக்கேடான விடுதி!

பிளேஸ் அதற்குள் தையற்கடை வைத்து முன்னேறிவிட்டார். சேரிங் கிராசில் இருந்த அந்தக் கடையின் பின்னறையில் நூலகம் ஒன்றை வளர்த்தார். தொழிலாளர் சங்கம் சேர்வதைத் தடுத்த சட்டங்களை 1824 இல் நீக்கவைத்த முயற்சிக்கு அந்த அறையே பாசறையாயிற்று. ஆயினும், கால்சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற கனவான்களின் கண்ணில் அந்த அறை படாதவாறு அவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தையற்காரனிடம் இத்தனை நூல்களா என்று கண்டுகொண்ட சிலர், அதற்குப் பிறகு அவரிடம் துணி தைக்க வரவில்லை.