போடி: பெயர்த்த தண்டவாளம்

ஊர் வரலாறு என்றதும் நாம் அரசர் பெயர்களைத் தேடுகிறோம். போடிநாயக்கனூரின் அண்மை வரலாற்றையோ தண்டவாளத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

மலையிலிருந்து ஏலக்காயும் தேயிலையும் இறங்கும் இவ்வூருக்கு, மதுரையிலிருந்து 1928இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தனர். 1950களில்தான் மீண்டும் போட்டனர். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூனில்தான் திரும்பியது. போர் பறித்தது பத்தாண்டுக்கு மேல். அமைதிக்காலமும் அவ்வளவே எடுத்துக்கொண்டது. 2011இல் பிறந்த குழந்தை, ஊருக்குள் ரயில் வரக் காணாமலே ஏழாம் வகுப்பை எட்டியிருக்கும்.

ஏலக்காய் வணிகம் நிற்கவில்லை, சரக்கு லாரியேறியது. முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்பட்டன, ஊர் வாழக் கற்றது. முடிவுகளுக்குக் கோப்புகள் உண்டு. வாழ்ந்ததற்கு நினைவு மட்டுமே. முதல் பெயர்ப்பைச் சிறுவராய்க் கண்டவர்கள் இன்று தொண்ணூறைத் தொடுகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்டு எழுதிக்கொள்ளக் காலம் அதிகமில்லை.